அடியும் உருண்ட வாக்குப்பெட்டி

என் தம்பி தேவீரப்பா விடிந்ததும் மூன்று மாடுகளைக் கறந்து பால் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவான். பிறகு வீட்டில் உட்கார்ந்து மரப்பெட்டி செய்வான். எங்கள் ஹேமாவதி ஆற்றங்கரையில் அவன் செய்த வளையல் பெட்டியோ துணிப் பெட்டியோ இல்லாத வீடு குறைவு. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தவள் சொல்கிறேன்.

மூடியின் விளிம்பை அவன் உருட்டும் விதம் தனி. முதலில் கூர்முனையை இழைப்புளியால் சரிவாகச் சீவுவான். அதனால் உண்டாகும் இரண்டு முனைகளையும் மறுபடி சீவுவான். அப்புறம் உப்புத்தாள். கடைசியில் ஒரு துண்டுப் பஞ்சை விளிம்போடு இழுப்பான். ஓர் இழை சிக்கினாலும் திரும்ப உப்புத்தாள்தான். ஆனால் அடிவிளிம்பைத் தொடவே மாட்டான். "கை படுற இடம் வழுவழுன்னு இருந்தா போதும். அடி கூரா இருந்தாத்தான் பலகை சேர்ற மூட்டுக் கோடு தெரியும். வேலை சுத்தமான்னு நாலு பேர் பாக்கட்டும்" என்பான்.

பால் சங்கத்தின் பழைய வாக்குப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டதால், புதிது செய்யும் வேலை அவனிடம் வந்தது. அந்த முறை தலைவர் பதவிக்கு நஞ்சேகௌடரும் என் கணவரும் நின்றார்கள். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, மதியம் களியும் சாறும் கொண்டுபோனேன். தம்பி பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒரு மூலையில் காப்பி டிகாக்ஷனைப் பூசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சாக்கை இழுத்து மூடினான்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா. களி ஆறிடும், வெச்சிட்டுப் போ."

மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். அடிவிளிம்பு நான்கும் உருண்டிருந்தன. மூட்டுக் கோடே தெரியவில்லை. உள்ளே சீட்டை மாற்ற அடிப்பலகை கழன்று வருமோ? தன் பாவாவை, அதாவது என் கணவரை, ஜெயிக்கவைக்க இப்படி ஒரு காரியம் செய்கிறானோ? நான்கு நாளும் அவனிடம் மறுபடி கேட்கவில்லை. கணவரிடமும் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று பயம்.

தேர்தலன்று காலை, சங்கச் செயலாளர் காலிப் பெட்டியை எல்லாருக்கும் திறந்து காட்டினார். நஞ்சேகௌடர் அதைக் கவிழ்த்து அடியைத் தடவினார்.

"ஏன்யா தேவீரப்பா, என் பொண்ணுக்குச் செஞ்ச பெட்டில அடி உருளலையே? பாவா நிக்கிறாருன்னு இதுக்கு மட்டும் மினுக்கா? அடி எந்தப் பக்கம் கழலும், சொல்லு!"

"கழலாது கௌடரே."

"அப்ப எதுக்கு உருட்டினே?"

தம்பி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கூட்டத்தில் "கள்ளன்" என்று ஒரு குரல் கேட்டது. ஊரில் அவன் பெட்டியை இனி ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. கழன்றால் கழலட்டும் என்று முன்னே போனேன்.

"தேவீரா, டிகாக்ஷன் பூசினியே, அந்த மூலையை அறுத்துக் காட்டு."

என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ரம்பம் எடுத்துவரச் சொல்லி, தானே அறுத்தான். சிவந்த வேங்கை மரத்துக்கு நடுவே மஞ்சளாய் ஒரு பலாக்கட்டை ஒட்டு. அதைத் தவிர எல்லாம் பல்லும் பல்லுமாகக் கோத்த மூட்டு. கௌடர் உதைத்துப் பார்த்தார், அசையவில்லை.

"உளி நழுவிடுச்சு" என்றான் தம்பி, தரையைப் பார்த்து. "மூலை பேந்து வந்துடுச்சு. ஒட்டு தெரியக் கூடாதுன்னு நாலையும் உருட்டினேன்."

"அட இதுக்கா? கள்ளன்னு நெனச்சேன், நீ வெறும் கைநடுங்கி!" என்று கௌடர் சிரிக்க, கூட்டமே சிரித்தது. பெட்டியை அறுத்துவிட்டதால் பால் கேனில் வாக்குப் போட்டார்கள். கௌடர் அதற்குள்ளும் தோள்வரை கைவிட்டுப் பார்த்த பிறகுதான் விட்டார். என் கணவர் பதினோரு வாக்கில் தோற்றார்.

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: "நீயும் அப்படித்தான் நெனச்சியாக்கா?"

"நெனச்சேன்."

"அது போகட்டும். உளி நழுவினதை ஊர் முன்னாடி சொல்லவெச்சியே."

பதினைந்து நாள் என் வீட்டில் அவன் காப்பி குடிக்கவில்லை. அந்தப் பதினைந்து நாளில் அவனைத் தேடி மூன்று பேர் பெட்டி கேட்டு வந்தார்கள். அதில் ஒருவர் கௌடர்.