பிருந்தாவனத்தில் அத்தைக்கு வந்த முட்டி வலி

போன வாரம் ஒரு வாசகி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "பெங்களூர்ப் பக்கம் இருக்கிற பெரிய தீம் பார்க்குக்கு முதல் தடவையாகப் போகிறோம். மாமியாரும் கூட வருகிறார். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?" கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முதன்முதலில் பார்த்த பார்க்கும் மாமியாரோடு போய்ப் பார்த்ததுதான். அந்தப் பயணத்தை எழுதினாலே அவர் கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அது 1971. எங்கள் காலத்தில் தீம் பார்க் என்ற பேரே கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று, மைசூர்ப் பக்கம் அணைக்கட்டுக்குக் கீழே இருக்கும் பிருந்தாவனம். சினிமாவில் ஜோடி ஜோடியாக ஓடிப் பிடித்து விளையாடுவார்களே, அதே இடம். தருமபுரி டாக்கீஸில் படம் பார்த்துவிட்டு வந்த பெண்கள் பாட்டை விட்டுவிட்டு அந்தக் கலர் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நான் நல்லம்பள்ளிப் பெண். அந்த வைகாசியில்தான் கல்யாணமாகி இண்டூருக்கு வந்திருந்தேன். புகுந்த வீட்டில் மூன்றே பேர்: என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தனியாளாக நின்று ஆறு ஏக்கர் நிலத்தைக் கட்டி ஆண்ட மனுஷி. குரல் இருக்கிறதே, கிணற்றடியில் பேசினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் நிலக்கடலை நன்றாக விளைந்தது. ஊரில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு பஸ் பேசினார்கள். பெங்களூர், மைசூர், பிருந்தாவனம், சாமுண்டி மலை, இரண்டு நாள் டூர். தலைக்குப் பதினெட்டு ரூபாய், சாப்பாடு அவரவர் பாடு. என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து சொன்னார். "சாயங்காலம் லைட்டு போடுவாங்களாம். அதப் பாக்கத்தான் ஜனமே போவுதாம்!"

எனக்கோ இதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசனை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாலைக்கண். பகலில் ஊசியில் நூல் கோர்ப்பேன். பொழுது சாய்ந்தால் எதிரே நிற்கிற எருமைகூடத் தெரியாது. அதற்கு முந்தைய வருஷங்களில் மழை இல்லாமல் வீட்டில் களியும் புளித்தண்ணியுமாக ஓடிற்று. அப்போது வந்தது. கல்யாணம் நிச்சயமானபோது அம்மா காதோடு சொல்லி அனுப்பினாள்: "சமாளிச்சிக்கினு இரு. யார்கிட்டயும் வாய உட்டுடாத." அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் பெரியம்மா மகளை இதே காரணத்துக்காகத்தான் ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பினார்கள். 'கண்ணு தெரியாதவளை ஏமாத்திக் கட்டிட்டாங்க' என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் அப்புறம் வாழவே போகவில்லை.

ஆறு மாதம் சமாளித்தேன். தண்ணீர் எடுப்பது, பாத்திரம் துலக்குவது, மாட்டுக்குத் தீனி எல்லாம் பொழுதோடு முடித்துவிடுவேன். விளக்கு வைத்த பிறகு அடுப்பை விட்டு நகரமாட்டேன். வெளியே போகவேண்டி வந்தால் பேய், பாம்பு என்று எதையாவது சொல்லிப் பயப்படுவேன். வீட்டுக்காரர் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேரே வைத்துவிட்டார். வீட்டுக்குள் சமாளித்ததெல்லாம் சரி. தெரியாத ஊரில், இருட்டில், படிக்கட்டும் தண்ணீருமான இடத்தில் என்ன செய்வது? வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை ஒரு கை ஓமத்தை என் வாயில் போட்டு, "மெல்லு. சரியாப் பூடும். கெளம்பு" என்று சொல்லிவிட்டார்.

பஸ் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பியது. எனக்கு அந்த இருட்டே பெரிய கண்டம். நல்லவேளை, அத்தை புளிச்சோற்றுத் தூக்கின் ஒரு காதை என் கையில் திணித்து, மறு காதைத் தான் பிடித்துக்கொண்டு, "சிந்திடப் போவுது, என்கூடவே வா" என்று பஸ் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி தாண்டிப் பொழுது விடிந்தது. அப்போது ஓசூர் வரைக்கும் எங்கள் ஜில்லாதான். அத்தை பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஓசூர் தாண்டியதும் பஸ்ஸில் அவர்தான் ராணி. டீக்கடையில் விலை கேட்பது, வழி விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பெங்களூரில் லால்பாக் பார்த்தோம். பூவெல்லாம் நல்ல பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், கண் நிறைந்தது. ஆனாலும் பொழுது சாயச் சாய ஜன்னல் வழியே சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிரைவர் தருமபுரி டவுன்காரர், பாஷா அண்ணன் என்று எல்லோரும் கூப்பிட்டோம். அணைக்கட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டு, எல்லோரையும் இறங்கவிடாமல் வாசலில் நின்றுகொண்டார்.

"நல்லா கேட்டுக்கங்க. லைட்டு கொஞ்ச நேரந்தான் எரியும். அணைச்சாங்கன்னா கும்மிருட்டு. ஜனம் மொத்தமா கேட்டுக்கு ஓடியாரும். அதுக்கு முன்னாடி வந்துடுங்க. ஆள உட்டுட்டு வந்தீங்கன்னா நான் பொறுப்பில்லீங்க."

"எங்க மருமவள வேணா உட்டுட்டுப் போலாம், தூக்க உட்டுட்டுப் போவமாட்டோம்" என்றார் அத்தை. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்த மாதிரி.

உள்ளே போகும்போது சூரியன் இருந்தது. நடுவில் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால், இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் படிகள். எங்கே படி, எங்கே தண்ணீர், எத்தனை தப்படியில் திருப்பம் என்று மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அப்புறம் வெளிச்சம் மங்கியது. முதலில் செடிகள் போயின, பிறகு மனிதர்களின் கால்கள், பிறகு என் காலே எனக்குத் தெரியவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் குழம்பிவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்களே, அதேதான்.

"யப்பா! முட்டி புடிச்சிக்கிச்சிடா!" என்று பக்கத்தில் அத்தையின் குரல். "இனிமே ஒண்டியா நடக்க முடியாது. ஏம்மா, கையக் குடு. நீ என்னத் தாங்கிக்கினு வா."

நான் அவரைத் தாங்குவதா! கையை நீட்டினேன். அத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நடக்க ஆரம்பித்ததும் புலம்பலும் ஆரம்பித்தது.

"இந்தா, மறுபடியும் படி. ஒண்ணு... ரெண்டு... மூணு... எவன்டா இத்தன படி வெச்சது? எடது பக்கம் பாரு, தண்ணிய உட்டு வெச்சிருக்கான். வழுக்கி உழுந்தா இவனா வந்து தூக்குவான்? இங்க ஒரு கல்லு வேற தூக்கிக்கினு நிக்குது!"

எனக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. இந்த அம்மாளுக்கு முட்டி வலி வந்ததும், வந்த வலியில் ஒவ்வொரு படியையும் திட்டுவதும் எனக்காகவே நடப்பது போல இருந்தது. வலிக்கிறவரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

அப்போதுதான் விளக்கு போட்டார்கள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! மற்றவர்கள் பார்த்தது விளக்கு போட்ட ஒரு தோட்டம். அவர்களுக்கு மரம் தெரிந்தது, கூட்டம் தெரிந்தது, அணைச் சுவர் தெரிந்தது. எனக்குத் தரையும் இல்லை, ஆளும் இல்லை. இருட்டுக்கு நடுவில் சிவப்பாகத் தண்ணீர் எழும்புகிறது, பச்சையாகக் குனிகிறது, மஞ்சளாக உதிர்கிறது. வேறு எதுவுமே உலகத்தில் இல்லை. ராத்திரி என்றால் கறுப்பு மட்டும்தான் என்று இருந்தவளுக்கு, அது கண்ணைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டேன். "எதுக்கு அழுவற?" என்றார் வீட்டுக்காரர். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அத்தை காவலாளியிடம் கன்னடத்தில் எவ்வளவு நேரம் விளக்கு எரியும் என்று கேட்டார். "ஒந்து கண்டெ" என்றார் அவர், ஒரு மணி நேரம். சரி, அதற்குள் கிளம்பிவிடலாம் என்று நினைத்தோம். வேடிக்கை பார்க்கிற சுகத்தில் யாருக்கு மணி ஞாபகம்?

விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. ஜனம் 'ஹே' என்று கத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடியது. யாரோ இடித்ததில் அத்தையின் கை நழுவிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம், அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நட்டுவைத்த கம்பம் மாதிரி அப்படியே நின்றேன்.

தூரத்தில் இருந்து வீட்டுக்காரர் கத்தினார். "இந்தப் பக்கம் வா! பஸ்ஸு கெளம்பப் போவுது. ஏன் அங்கயே நிக்கற? கண்ணு தெரியலயா உனக்கு?"

கோபத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். கூட இருந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். இதோ, இப்போது ஒரு அடி வைத்தால் விழுவேன், வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வேன். பெரியம்மா மகள் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"டேய்! நாந்தான்டா நிக்கச் சொன்னேன்!" பின்னாலிருந்து அந்த ரோட்டுக்குக் கேட்கிற குரல். "பெத்தவ முட்டியப் புடிச்சிக்கினு கெடக்கறேன், நீ பாட்டுக்கு முன்னால ஓடற. அவ இல்லன்னா நான் இங்கயே கெடக்க வேண்டிதுதான். போ, போயி பஸ்ஸ நிறுத்து!"

அந்தக் கை மறுபடி என் கையைப் பிடித்தது. வாசல் வரைக்கும் ஒரு படியையும் விடாமல் திட்டிக்கொண்டே வந்தார். அன்று ராத்திரி மைசூரில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அவர் முட்டிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடப் போனேன். "போ போ, படு" என்று துரத்திவிட்டார்.

மறுநாள் காலை சாமுண்டி மலை. பாஷா அண்ணன் அடிவாரத்தில் நிறுத்தி, "படி ஏறுறவங்க ஏறலாம், ஆயிரம் படி. முடியாதவங்க உக்காருங்க, பஸ்ஸு மேல போவும்" என்றார். இளவட்டங்கள் பாதிப்பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கியது அத்தை! நான் பின்னாலேயே ஓடினேன். மனுஷி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறுகிறார். நந்தி சிலை இருக்கிற இடத்தில்தான் எட்டிப் பிடித்தேன். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வியர்வைகூட இல்லை.

"அத்த... முட்டி வலி?"

"எந்த முட்டி?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கின் காதைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போனது, எண்ணி எண்ணித் திட்டிய படிகள், எல்லாம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ வந்த மூணாம் நாளே தெரியும். வெளக்கு வெச்சதும் செவுத்தத் தடவிக்கினு நடக்கறவள எனக்குத் தெரியாதா? எங்க அக்காளுக்கும் இருந்துச்சி."

"ஏன் அத்த கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ பயந்துக்கினு இருந்த. பயந்துக்கினு இருக்கறவகிட்ட போயி என்னத்தக் கேக்கறது?"

"என்ன வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"எந்த வூட்டுக்கு?" அத்தைக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உன் வூடு இண்டூர்ல இருக்குது. எந்திரி. சாமி பாக்கலாம்."

ஊர் திரும்பிய வாரமே ஆட்டு ஈரல் வர ஆரம்பித்தது. தருமபுரிச் சந்தைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அத்தை சொல்லிவிடுவார். மிளகு போட்டு வறுத்து, அவ்வளவையும் என் தட்டில் வைப்பார். "எனக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "உனக்கு எதுக்குடா, தின்னுட்டு ஊர் சுத்தவா?" மற்ற நாட்களில் முருங்கைக்கீரை. தை பிறப்பதற்குள் எனக்குப் பார்வை திரும்ப ஆரம்பித்தது. ஒருநாள் நன்றாக இருட்டிய பிறகு, விளக்கு இல்லாமல், நானே கிணற்றுக்குப் போய்க் குடம் நிறையத் தண்ணீரோடு வந்தேன். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குடத்தை இறக்கி வைத்ததும், "அப்பாடா" என்று முட்டியைத் தட்டிக்கொண்டார். "எனக்கு வலி போச்சி."

அதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை. வீட்டுக்காரருக்கு, பெரியவன் பிறந்த பிறகு நான்தான் சொன்னேன். "அடிப்பாவி, அப்ப நீ பயந்தாங்கொள்ளி இல்லயா?" என்று அவருக்கு அதில்தான் வருத்தம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தருமபுரியிலிருந்து பெங்களூர் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து மைசூரும் ஏறக்குறைய அவ்வளவேதான், மைசூரிலிருந்து பிருந்தாவனம் இருபது. இப்போது ரோடு நன்றாக இருக்கிறது, நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு இல்லை. விளக்கு நேரமும் கட்டணமும் நாளுக்கு நாள் மாறும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பொழுதோடு உள்ளே போய் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஈரத்தில் வழுக்காத செருப்பு போடுங்கள். நீங்கள் கேட்ட தீம் பார்க்குக்கும் இதெல்லாம் பொருந்தும்.

மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். மாமியாரோ மருமகளோ, உங்கள் கூட்டத்தில் யாராவது ஏதோ ஒரு இடத்தில் கால் எடுத்து வைக்கத் தயங்கி நின்றால், எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு முட்டி வலி என்று சொல்லிக் கையை நீட்டுங்கள்.