துணியால் துடைக்காத வீடு

என் கணவர் வேலையில் அசட்டையானவர் என்று யாராவது என் முன்னால் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது அவர்களுக்கு. குடிக்கிற டம்ளரையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற மனிதர் அவர். அவரைப் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பே வாய்க்கு வந்தபடி பேசியது. அதற்குக் காரணம் யார் என்று தெரிந்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்னும் அணையவில்லை.

மண் தோண்டும் பெரிய இயந்திரங்களின் கன்ட்ரோல் வால்வுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஆபரேட்டர் லீவரை இழுத்தால் வால்வுக்குள் ஓர் இரும்புத் தண்டு நகர்ந்து ஆயிலுக்கு வழி விடும், இயந்திரத்தின் கை இறங்கும். லீவரை விட்டால் ஒரு ஸ்பிரிங் தள்ளித் தண்டு தன் இடத்துக்குத் திரும்பும், கை நிற்கும். அந்தத் தண்டுக்கும் அது ஓடுகிற துளைக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையக்கூட இடமில்லை. அதனால் இவர் வால்வின் பக்கத்தில் துணியையே விடமாட்டார். துணி என்றால் நூல் உதிரும், தண்டு சிக்கிக்கொள்ள ஒரு நூல் போதும். டீசலில் கழுவி, காற்றடித்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, புது ஆயில் பூசி மாட்டுவார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ‘உள்ளங்கை’ என்றே பெயர்.

அந்தப் பைத்தியம் வேலையோடு நின்றதா என்றால், இல்லை. வீட்டிலும் கை கழுவினால் உதறித்தான் காயவைப்பார். கல்யாணமான புதிதில் என் அம்மா துண்டை நீட்ட, இவர் வேண்டாமென்று உதறிய உதறலில் அம்மாவின் முகமெல்லாம் தண்ணீர். “என்னடி, மாப்பிள்ளை எனக்கு ஆசீர்வாதம் பண்றாரா?” என்று கேட்டார் அம்மா. போகப் போக நானும் துணியை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாம் தாமாகவே காயும். வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவர் சரிபார்த்துக் கொடுத்த ஓர் இயந்திரத்தை ஓட்டுகிறவன் என் தம்பி. சில வருஷம் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தொழிலைக் காட்டி, அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு போட்டிருப்பான். நான் வாங்கிக் கொடுத்ததுதான். சாயம் போகாது, நூல் மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் பள்ளத்தில் குழாய் பதிக்கும் வேலை நடந்தது. தம்பி லீவரை விட்டுவிட்டான், ஆனால் இயந்திரத்தின் கை நிற்கவில்லை. இறங்கி வந்து, கீழே நின்ற குழாய்க்காரரின் காலை நசுக்கிவிட்டது. எலும்பு முறிந்த அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “நான் லீவரை விட்டுட்டேன், அதுதான் நிக்கல” என்றான் தம்பி. அது உண்மைதான். உடனே எல்லோரும், கடைசியாக வால்வில் கை வைத்தவர் யார் என்று தேடினார்கள்.

வால்வைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து இவரையே திறந்து பார்க்கச் சொன்னார் முதலாளி. மதியச் சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில் நின்றேன். இவர் தண்டைச் சுழற்றிச் சுழற்றி வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சிவப்பு நூல். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைவிரலால் அதை வழித்து டீசல் தட்டில் விட்டுவிட்டார்.

முதலாளி வந்து, “என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“ஸ்பிரிங்கை நான் சரியா உக்கார வைக்கல. என் தப்புதான்” என்றார் இவர்.

“அப்போ கொஞ்ச நாள் வீட்ல இருங்க” என்றார் முதலாளி. அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். “லீவர் இறுக்கமா இருந்திருக்கும். எனக்குச் சொன்னா ஒரு நாள் வேலை கெடும்னு அவனே தெறந்து, துண்டால தொடைச்சு மாட்டியிருக்கான். தெரிஞ்சா லைசன்ஸ் போயிடும். சின்னப் புள்ளைங்களை வெச்சிருக்கான். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“உங்க பேரு போகுதே?”

“அவனா வந்து சொல்லுவான், பாரு.”

அவனாவது, சொல்வதாவது! இவர் வேறு இரண்டு ஒர்க்‌ஷாப்களில் போய்க் கேட்டார். அவர் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. ஆள் காலை ஒடித்த வால்வு இவர் மாட்டியதுதான் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். பகலில் வீட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். என் வாயை மூடிவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மூடித்தான் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். உட்கார்ந்தான், வயிறு முட்டச் சாப்பிட்டான். அதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

“மாமா, வயசாகுதில்ல, கண்ணாடியை மாத்துங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று ஆறுதல் சொன்னான்.

இந்த வீட்டு உப்பைத் தின்றுகொண்டே சொன்னான். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து கை கழுவிவிட்டுக் கழுத்துத் துண்டை இழுத்தான்.

“துணியால தொடைக்காதே” என்றேன்.

“என்னக்கா?”

“இந்த வீட்ல துணியால தொடைக்கறதில்ல. நூல் ஒட்டும். சிவப்பு நூல்னா கண்ணுக்கு நல்லாவே தெரியும்.”

ஈரக்கை அப்படியே அந்தரத்தில் நின்றது. முகம் செத்துப் போய்விட்டது. “மாமா சொல்லிட்டாரா?” என்றான்.

“அவரு சொல்லல. உன் துண்டு சொல்லிடுச்சு.”

அவன் இவர் பக்கம் திரும்பினான். “மாமா, லைசன்ஸ் போயிடும்னு பயந்துட்டேன். ஆனா நான் சும்மா மாட்டல மாமா. துண்டை நல்லா உதறிட்டு, சுத்தமாத்தான் தொடைச்சு மாட்டினேன்.”

பேர் போனபோது வாய் திறக்காத மனிதர், வேலை போனபோது குரல் உயர்த்தாத மனிதர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“சுத்தமாவா? துண்டால தொடைச்சிட்டு சுத்தம்ங்கறியா? இத்தனை வருஷம் என் பக்கத்துல உக்காந்து பாத்தியே, என்னத்தைப் பாத்தே? நாளைக்கு இன்னொரு வால்வையும் இப்படித்தான் சுத்தம் பண்ணுவே. கிளம்பு. முதலாளி வீட்டுக்குப் போலாம்.”

“மாமா, புள்ளைங்க...”

“அந்தக் குழாய்க்காரருக்கும் புள்ளைங்க இருக்கு. கிளம்பு.”

கை கழுவி, இரண்டு உதறு உதறிவிட்டுச் செருப்பை மாட்டினார். தம்பி பின்னாலேயே போனான். அவன் துண்டு என் வீட்டுத் தரையில் கிடந்தது.

தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லைசன்ஸ் போயிற்று. இப்போது அதே ஒர்க்‌ஷாப்பில் இவருக்கு எதிரே உட்கார்ந்து டீசலில் தண்டு கழுவுகிறான். துணியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஊரெல்லாம் மறுபடியும் ‘உள்ளங்கை’ என்று கூப்பிடுகிறது.

எனக்குத்தான் ஆறவில்லை. நான் வழியெல்லாம் சண்டை போட்டபோது வராத கோபம், ஒரு துண்டுக்காக வந்ததே. கேட்டால், “அது வேற விஷயம்டி” என்கிறார்.