ஜஸீலா உடைத்த பூட்டு

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எத்தனை மடக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு கிளம்புகிற ஆம்பளை ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம். பெண்கள் நாங்கள் அத்தனை பேரும் அப்படித்தான் கிளம்புகிறோம். எங்கள் தெருவில் அதைப் பொறுக்க முடியாதென்று சொன்ன ஒரே ஆள் ஜஸீலா.

ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். நாற்பத்தைந்து வயது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கோயில், மஹால் எதுவும் கிடையாது. "அதெல்லாம் சொந்தக்காரவுக வந்தாக் காட்டிக்கிருவோம்" என்பாள். பரவை மார்க்கெட்டில் விடிகாலையில் லாரி லாரியாகக் காய் இறங்குவதையும், சமணர் மலைப் பாறையில் செதுக்கிய உருவங்களையும் அவள் கூட்டிப்போய்த்தான் பார்த்தேன். சுபலட்சுமி என்கிற நான் மதுரையிலேயே பிறந்தவள். வெட்கக்கேடு!

ஒருமுறை அவள் தங்கை சாதிகா பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே எங்களோடு சுற்றினாள். கிருமி தொற்றி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து, போகிற இடத்துக்கெல்லாம் முன்கூட்டியே போன் போட்டு "பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டுவிடுவாள் ஜஸீலா. வேனில் ஒவ்வொருத்தியையும் தன் கண் முன்னால் குடிக்க வைப்பாள்.

இந்த வருஷம் முத்துத்தாய் அக்காவும் வந்தார். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்கிற பயத்திலேயே எங்கும் கிளம்பாதவர்.

"குடிங்கக்கா. இன்னைக்குப் போற மூலிகைப் பார்க்குல பாத்ரூம் இருக்காம். கேட்டுட்டேன். நான் பொறுப்பு" என்றாள் ஜஸீலா. அவளை நம்பி அக்கா ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

பார்க்கில் ஆடாதொடையையும் சிறியாநங்கையையும் பார்த்துக்கொண்டு நடந்தோம். பதினோரு மணி இருக்கும். முத்துத்தாய் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "சுபா, முடியலத்தா" என்றார்.

ஓடினோம். கட்டடம் இருந்தது. டைல்ஸ் பதித்த சுவர், கதவில் பெண் படம், அதன் மேல் ஒரு பூட்டு.

"சாவி சூப்பர்வைசர்ட்ட இருக்கும்மா. ஞாயித்துக்கெழம வரமாட்டாரு" என்றார் வாட்ச்மேன். "ஆபீசருக வந்தாத்தான் தெறப்போம்."

"போன்ல இருக்குன்னு சொன்னீகளேண்ணே?" என்றாள் ஜஸீலா.

"இருக்குல்ல? இந்தா நிக்கிதுல்ல?"

அந்த வாயில் நாலு அறை கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவர் அதோடு விட்டாரா? "அவசரம்னா அந்தச் செடி மறவுல போகச் சொல்லுங்க" என்றார். அங்கே பத்திருபது ஆம்பளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துத்தாய் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"யா அல்லாஹ், குடிக்க வச்சதே நாந்தேன்" என்றாள் ஜஸீலா. வேனுக்கு ஓடிப்போய் வீல் ஸ்பானரை எடுத்துவந்தாள். மூன்றே அடி. பூட்டு தெறித்தது. உள்ளே பார்த்தால் உர மூட்டை! பெண்கள் போகிற இடத்தில் உர மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள், பாவிகள். எல்லோரும் சேர்ந்து இழுத்துப் போட்டோம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாத அந்த சூப்பர்வைசர், வாட்ச்மேன் போன் போட்டதும் அரை மணி நேரத்தில் புதுப் பூட்டோடு வந்து இறங்கினார். சாவியோடு வர மட்டும் முடியாதாம்!

"அரசாங்கச் சொத்த ஒடைச்சிருக்கீங்க. கேஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"போடுங்க சார். பேரு ஜஸீலா. அட்ரஸும் சொல்றேன், எழுதிக்கங்க."

அவர் எழுதவில்லை. புதுப் பூட்டைத் திறந்துகொண்டு கதவை நோக்கி நடந்தார். அதுவரை துளசிப் பாத்திக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு வந்து கதவின் முன்னால் நின்றாள்.

"முனீஸ்வரி, தள்ளு."

"நாலு வருசமா இந்தச் செடி அம்புட்டுக்கும் நாந்தேன் சார் தண்ணி ஊத்துறேன்" என்றாள் அவள். "காலையில வந்தா, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வாய் குடிக்கிறதில்ல. இதப் பூட்டிப் பாருங்க. நாளையில இருந்து ஒரு செடியும் குடிக்காது."

சூப்பர்வைசர் வாயைத் திறக்கும் முன் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.