பாலத்தில் ஒரு ஹோன்

ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி ஆற்றுவது என் வேலை. கிரானிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். கொழும்பு பஸ் ஒன்று தினமும் எங்கள் வாசலில்தான் நிற்கும். கடையே அந்த பஸ்ஸை நம்பித்தான் ஓடியது.

ஒருநாள் அந்த பஸ்ஸின் டிரைவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "ஹாஜியார், இது ஆறின தண்ணி. இனி அடுத்த கடையிலதான் நிப்பாட்டுவன்" என்றார்.

முதலாளி ஹாஜியாருக்கு முகம் செத்துவிட்டது. "தம்பி, இனி ஆத்துற வேல வேணா. எல்லாருக்கும் கொதிக்கக் கொதிக்கக் குடு" என்றார்.

மறுநாள் அப்படியே கொடுத்தேன். சனம் ஊதி ஊதிப் பார்த்தது. பாதி குடிப்பதற்குள் கொண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்று தொடங்கிவிட்டார். ஓர் அம்மா அவசரத்தில் மடக்கென்று குடித்துவிட்டு, "நாக்கு வெந்து போச்சு மனே. இனி இந்தக் கடைக்கு இறங்க மாட்டன்" என்று சொல்லிப் போனார். கழுவுகிற வாளி நிறைய நான் போட்ட பால் தேத்தண்ணி. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் கைத் தேத்தண்ணியை அதுவரை யாரும் மிச்சம் வைத்ததில்லை.

டிரைவரையும் கவனித்தேன். இறங்கியதும் டயரைத் தட்டிப் பார்ப்பார், முகம் கழுவுவார், பிறகுதான் வந்து உட்காருவார். சனத்தோடு சேர்த்து அவருக்கும் ஊற்றி வைத்தால் ஆறாமல் என்ன செய்யும்?

நேரே அவரிடமே போனேன். "அண்ணன், நாளைக்குப் பாலத்தில ஏறக்குள்ள ஒரு ஹோன் அடிங்க."

"என்னத்துக்கு? எனக்கு ராஜ மரியாதையா?"

"உங்களுக்கு இல்ல, சனத்துக்கு. ஹோன் கேட்டா அவங்கட தேத்தண்ணிய ஆத்தத் தொடங்கிருவன். உங்கடய நீங்க முகம் துடைக்கக்குள்ளதான் ஊத்துவன்."

"இவன் பஸ்ஸுக்கே ஓடர் போடுறான்" என்று ஹாஜியார் தலையில் கை வைத்தார்.

டிரைவர் சிரித்தார். ஆனால் மறுநாள் அடித்தார். சனம் இறங்கி வர, வாய் வைத்ததும் குடிக்கிற சூட்டில் கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. டிரைவரின் கிளாஸில் ஆவி பறந்தது. வாளியில் ஒரு சொட்டு விழவில்லை. ஹாஜியார் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இனி நீ சொல்றதுதான் சூடு" என்றார்.

கடை போடப்போகும் பிள்ளைகள், தேத்தண்ணி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று இப்போதும் என்னிடம் கேட்பார்கள். குடிக்கிறவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதென்று முதலில் பாருங்கள், சூடு அதிலேயே தெரிந்துவிடும் என்பேன்.

வேலையை விட்டுச் சில வருடங்களாகின்றன. போன மாதம் கொழும்புக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் புதியவர், இளந்தாரி. பாலத்தில் ஏறும்போது ஹோன் அடித்தார். முன்னால் ஒரு வாகனமும் இல்லை.

"ஏன் தம்பி அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"தெரியா ஐயா. இந்த இடத்தில அடிக்கிறதுதான். எனக்குப் பழக்கினவரும் அடிப்பார்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடை வாசலில் பஸ் நின்றதும் எல்லோரோடும் இறங்கினேன். கிளாஸ் கைக்கு வந்தது. கொண்டக்டர் கூப்பிடுமுன் அடி வரை குடித்து முடித்தேன்.