ஜெர்மனி ஆஸ்பத்திரியில் என் மகன் சொன்ன வார்த்தை

"அருள் உயிரோடு இருக்கிறான். ஆனால் நீங்கள் உடனே வர வேண்டும்."

1985-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் இந்த போன் வந்தது. மஸ்கட்டில் நான் நர்ஸாக வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பேசியது கெமால். துருக்கி தேசத்துப் பிள்ளை. மேற்கு ஜெர்மனியில் என் மகன் அருள் படித்த ஊரில், ஹாஸ்டலில் அவனுக்குப் பக்கத்து அறை. கெமாலுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அந்த இரண்டு வரிக்குப் பிறகு, "ரோடு. ஸ்னோ. கார். ஹெட்" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். எனக்கு அது போதும். தலையில் அடிபட்டு வருகிறவர்களை வார்டில் தினமும் பார்க்கிறவள் நான். போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அருமையான சகோதர சகோதரிகளே, என் பெயர் ரோஸ்லின். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். என் கணவர் ஏசி டெக்னீஷியன். மஸ்கட்டில் ரூவி என்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட். அருள் எட்டு வயசு வரைக்கும் ஊரில் என் அக்கா வீட்டில் வளர்ந்தான். பிறகுதான் எங்களோடு மஸ்கட்டுக்கு வந்தான். இங்கே பள்ளிக்கூடம் போன ஒரே வருஷத்தில் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்லுவான். நம் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானே. ஜெர்மனிக்குப் படிக்கப் போன பிறகு அந்த பாஷையையும் ஒரே வருஷத்தில் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவான். அதை நாங்கள் டேப்பில் போட்டுக் கேட்போம். ஹாஸ்டல் அடுக்களையில் ஏழெட்டு தேசத்துப் பையன்கள் ஒரே அடுப்புக்குச் சண்டை போடுவதைச் சொல்லுவான். லீவு கிடைத்தால் கெமாலோடு ரயிலேறிவிடுவான். ராத்திரி ரயிலிலேயே தூங்கி, காலையில் வேறு தேசத்தில் இறங்குவார்களாம். பாரிஸ் போனான், ரோம் போனான். சுவிட்சர்லாந்தில் ஒரு மலை ஸ்டேஷனில் இறங்கி, பனியில் முழங்கால் வரை புதைந்துபோய்ச் சிரித்ததையும் பதிவு பண்ணி அனுப்பினான். ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிறானே என்று எனக்குக் கவலை. அவன் அப்பாவுக்குப் பெருமை.

அந்தத் தடவை அவன் தனியாக வியன்னாவுக்குப் போயிருக்கிறான். கெமால் லீவுக்குத் தன் ஊருக்குப் போயிருந்தான். வியன்னாவிலிருந்து திரும்பி வந்து ஸ்டேஷனை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும்போது, பனியில் வழுக்கி வந்த கார் அருளை அடித்துவிட்டது. தலையில் ஆபரேஷன். நினைவில்லை. ஊரிலிருந்து திரும்பிய கெமால் விஷயத்தைக் கேள்விப்பட்டு என் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருக்கிறான்.

போன் வந்ததோ புதன் சாயங்காலம். வியாழனும் வெள்ளியும் ஆபீஸ் லீவு. என் பாஸ்போர்ட் ஆஸ்பத்திரி ஆபீஸ் பெட்டகத்தில். என் கணவர் தூரத்தில் சூர் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு சைட்டில். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாழக்கிழமை முழுவதும் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எல்லாரும் "சனிக்கிழமை வா சிஸ்டர்" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். என்னை நடுவில் உட்காரவைத்து எல்லாரும் ஜெபித்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆண்டவரே, அவன் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தும். மிச்சம் உம்முடைய சித்தம்."

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி அட்மின் ஆபீஸில் பெரிய அதிகாரி, ஓமானிக்காரர். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடித்து நேரே வந்திருக்கிறார். எங்கள் டிரைவர் ஒருவன் சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்ததாம். "சிஸ்டர், எனக்கும் பிள்ளைகள் உண்டு. யல்லா, வண்டியில் ஏறு" என்று ஹிந்தியில் சொன்னார். பூட்டிக் கிடந்த ஆபீஸைத் திறந்து, பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்து, லீவு பேப்பரிலும் கையெழுத்துப் போட்டார். நான் அழுதேன். "கலாஸ், போதும் சிஸ்டர். அழாதே. போய் உன் பிள்ளையைப் பார்" என்றார். என் ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பின முதல் பதில் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

மத்தியானம் என் கணவர் சைட்டிலிருந்து வந்து சேர்ந்தார். அருளுக்குக் கீழே எங்களுக்கு ஒரு மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. யாராவது ஒருவர் அவளோடு இருக்க வேண்டும். "நீ போ ரோஸ்லின். ஒனக்குத்தான் இந்த ஆஸ்பத்திரி காரியமெல்லாம் தெரியும். அவன அப்பிடிக் கெடக்க என்னால பாக்க முடியாது பிள்ளே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபையில் ஒரு தம்பி குளிர்சாதனக் கிட்டங்கியில் மீன் பெட்டி தூக்குகிறவர். வேலைக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். "அக்கா, மஸ்கட்டுல இதத் தவிர குளிருக்கு ஒண்ணும் கெடைக்காது. கொஞ்சம் மீன் வாடை அடிக்கும்" என்றார். சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு போனேன். சனிக்கிழமை விசா கிடைத்தது. அன்றைக்கே ஃபிளைட்.

விமான நிலையத்தில் கெமால் நின்றான். என்னைப் பார்த்ததும் குனிந்து என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். அவர்கள் தேசத்தில் தாய்க்குச் செய்கிற மரியாதையாம். ரயிலில் போகும்போது வெளியே மரம், வீடு, வயல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அருளின் தலையை மொட்டையடித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என் மேல் நிற்கவில்லை. ஒரு டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து இங்கிலீஷில் பேசினார். நல்ல மனுஷி. எதையும் மறைக்கவில்லை.

"இரண்டு நாளாகக் கண் விழிக்கிறான். சத்தம் போடுகிறான். ஜெர்மனில் பேசினோம், இங்கிலீஷில் பேசினோம், எதுவும் அவனுக்குப் புரியவில்லை. உங்கள் பாஷை தெரிந்த ஒருவரையும் கூட்டிவந்தோம். இலங்கைக்காரர். அவராலும் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது. உயிர் பிழைப்பான். ஆனால் பழைய அருளாக இருப்பானா என்று கேட்டால், அதிகம் நம்பிக்கை கொடுக்க எனக்குத் தைரியமில்லை."

சகோதரிகளே, இதே பேச்சை நானே எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிற இடத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. கைகழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபிக்க வாய் வரவில்லை. "இயேசுவே" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தேன். அவன் உதடு அசைந்தது. வாய் குழறியது. காதைக் கொண்டுபோய் அவன் வாய்ப்பக்கம் வைத்தேன்.

"வெள்ளம்..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எம்மா... வெள்ளம்."

குமரிக்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்லுவோம். மஸ்கட்டில் பல ஊர்க்காரர்களோடு பழகிப் பழகி நானே அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். என் பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். இரண்டு நாளாக அவன் தண்ணீர்தான் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான்!

"தண்ணி கேக்கான்! என் பிள்ள தண்ணி கேக்கான்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். டாக்டரம்மா ஓடிவந்தார். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னார். விழுங்கினான். இன்னும் ஒன்று. அப்போதுதான் அவன் கண் என் முகத்தில் வந்து நின்றது.

"ஒரு வார்த்தை தற்செயலாகவும் வரலாம்" என்றார் டாக்டரம்மா. நானும் நர்ஸ்தான், அது எனக்கும் தெரியும். அதனால் அன்றைக்கு முழுவதும் அவனிடம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். சாயங்காலம் அவன் திடீரென்று அமைதியில்லாமல் கையை அசைத்தான்.

"தாக்கோல்... கெமாலுக்க தாக்கோல்... கோட்டுல கெடக்கு."

தாக்கோல் என்றால் எங்கள் பக்கம் சாவி. கெமாலின் சாவி தன் கோட்டுக்குள் இருக்கிறது என்கிறான். நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற கெமாலின் முகம் வெளிறிப்போனது. "ஆமாம், ஆமாம்! ஊருக்குப் போகும்போது என் அறைச் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போனேன். இந்தக் குழப்பத்தில் நான் கேட்கவே இல்லை. ஹாஸ்டல்காரர்தான் எனக்கு வேறு சாவி தந்தார்" என்று அவன் ஜெர்மனில் சொன்னதை டாக்டரம்மா எனக்கு இங்கிலீஷில் சொன்னார். ஆஸ்பத்திரியில் அருளின் துணிகளை ஒரு பையில் கட்டி வைத்திருந்தார்கள். கோட்டை எடுத்து உள்பையில் கைவிட்டார்கள். சாவி இருந்தது.

டாக்டரம்மா அந்தச் சாவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் தோளில் கைவைத்து, "அவன் உள்ளே முழுசாக இருக்கிறான். நாங்கள்தான் வேறு கதவில் தட்டிக்கொண்டிருந்தோம்" என்றார். இப்படித் தலையில் அடிபட்டவர்களில் சிலருக்கு, பிற்பாடு படித்த பாஷையெல்லாம் போய், முதன்முதல் பேசின பேச்சு மட்டும் நிற்குமாம். எட்டு வயசு வரைக்கும் என் அக்கா வீட்டில் பேசின பேச்சு அவனுக்குள் அப்படியே நின்றிருக்கிறது.

மறுநாள் அந்த இலங்கைத் தம்பி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாட்டுப் பிரச்சினையில் தப்பி வந்து அந்த ஊரில் அகதியாக இருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அழுதுவிட்டார். "அக்கா, குறை நினையாதேங்கோ. அவர் வெள்ளம் வெள்ளம் எண்டுதான் சொன்னவர். எங்கட பக்கம் வெள்ளம் எண்டால் மழை வெள்ளம். பொடியனுக்கு அறிவு தடுமாறிப்போச்சு எண்டு நினைச்சிட்டன்" என்றார். "தம்பி, நீங்கள் வந்து பார்த்ததே பெரிய காரியம்" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குச் சோறு கொண்டுவந்து தந்தார்.

பக்கத்துக் கட்டிலிலும் ஒரு பையன் இருந்தான். மோட்டார் சைக்கிளில் விழுந்தவன். அவன் தாய் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருப்பாள். நானும் அவளும் பாஷை தெரியாமலே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. ஏன் என் மகன், ஏன் அவள் மகன் இல்லை என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. என் விசுவாசம் அவளுடையதைவிடப் பெரியது என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

அருளுக்குத் தமிழ் முதலில் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலீஷ் வந்தது. ஜெர்மனை மாத்திரம் சின்னப் பிள்ளைபோல முதலிலிருந்து படித்தான். கெமால்தான் வாத்தியார். வலது கை இன்னும் முழுபலத்துக்கு வரவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான். படிப்பு பின்தங்கியது. ஆனாலும் போன வருஷம் முடித்துவிட்டான். அதே ஊரில் வேலையும் கிடைத்திருக்கிறது.

திரும்பி வந்த பிறகு என் வேலையும் மாறிப்போனது. வார்டு அதேதான், நான் பழைய ஆள் இல்லை. தலையில் அடிபட்ட யாராவது உளறினால், "கன்ஃபியூஸ்டு" என்று சார்ட்டில் எழுதிவிட்டு நகர என்னால் முடியாது. இவன் எந்த ஊர், எந்தப் பேச்சு என்று விசாரிப்பேன். பலூச்சி பேசுகிறவரைத் தேடுவேன், சுவாஹிலி பேசுகிற ஓமானிப் பாட்டியைத் தேடுவேன். போன ரமலானுக்கு முன்னால் சைட்டில் விழுந்த ஒரு பெங்காளிப் பையன் வந்தான். மற்ற பெங்காளிகளுக்கே அவன் பேச்சு பிடிபடவில்லை. அவன் கேம்புக்கே டாக்ஸி பிடித்துப் போனேன். அவன் ஜில்லாக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, கையோடு கூட்டிவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் குனிந்து கேட்டுவிட்டு, "கால் குளிருதாம், போர்த்திவிடச் சொல்லுறான்" என்று ஹிந்தியில் சொன்னார். போர்த்திவிட்டேன். அந்தப் பிள்ளை தூங்கினான்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனையோ பேருக்குப் பிள்ளைகள் தூர தேசத்தில். சிலருக்கு ஊரிலிருந்து செய்தி வராமல் நெஞ்சு பதறிக்கொண்டிருக்கும். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வராது. எனக்கும் வரவில்லை. வராவிட்டால் வரவேண்டாம், உட்காருங்கள். அரைகுறையாய் முனகினால்கூட ஆண்டவருக்கு விளங்கும். நான் ருசித்துப் பார்த்ததைத்தான் சொல்கிறேன், அவரை நம்புங்கள்.