எலும்போரச் சிவப்பு

முதலில் குளிர் வந்தது. செங்கல்பட்டில், மே மாத மதியத்தில், விடுதி அறையில் இரண்டு போர்வைக்குள் நடுங்கினேன். பிறகு வயிற்றுப்போக்கு. எதிர்க்கட்டிலில் நிர்மலா கடலை கொறித்தபடி போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் விடுதி மெஸ்ஸில் இருவரும் சாப்பிட்டது ஒரே கோழிக்குழம்பு.

அவள் வயிற்றைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பரிசோதனையில் சால்மோனெல்லா (சரியாக வேகாத கோழி, முட்டையில் உயிரோடு தங்கும் கிருமி) என்று வந்தது.

“ரெண்டு பேரும் ஒரே குழம்புதானே சாப்பிட்டீங்க, இவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?” என்று டாக்டர், துணைக்கு வந்திருந்த நிர்மலாவைக் காட்டிக் கேட்டார்.

சதுரங்கப்பட்டினத்துக்காரியான அவள் பட்டென்று சொன்னாள்: “என் பீசு எலும்பாண்ட செவப்பா இருந்துச்சு சார். ‘இன்னா அண்ணாத்த, கோழி இன்னும் உசுரோட கீது’ன்னு மெஸ்காரர்கிட்ட திருப்பிக் குடுத்தேன். திட்டிகினே நல்லா கொதிக்க வச்சுத் தந்தாரு.”

என் துண்டிலும் அந்தச் சிவப்பு இருந்தது. மசாலா நிறம் என்று நினைத்தேன். சந்தேகம் வந்தபோது, பின்னால் வரிசை நின்றதால் கேட்கக் கூச்சம். தொழிற்சாலையில் வெப்பமானிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இப்போது அவள் வாய் மீதும் பொறாமை வந்தது.

கஞ்சி மட்டுமே இறங்கிய நாட்களில், மாமல்லபுரத்திலிருந்து வறுத்த வஞ்சிரத்தின் படம் அனுப்பினாள். ‘சீக்கிரம் எந்திரிடி.’ அந்த அன்பையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

தேறியதும் கம்பி வெப்பமானியோடு (உணவுக்குள் செருகி அளக்கும் கருவி) மெஸ்ஸுக்குப் போனேன். மெஸ்காரர் அன்றும் ஐஸ் கட்டியாக வந்த கோழியை அப்படியே அண்டாவில் போட்டிருந்தார். மேலே தளதளவென்று கொதித்தது.

“கொதி வந்துடுச்சு, எறக்கிடலாம்,” என்றார்.

தடித்த துண்டு ஒன்றை எடுத்து, அதன் நடுவில் கம்பியைச் செருகினேன்.

“இன்னாம்மா, கோழிக்கு ஜுரம் பாக்குறியா?”

“ஐம்பத்தெட்டு டிகிரிண்ணா. எழுபத்தஞ்சு வரணும்.”

“பொண்ணுங்க வரிசையில நிக்குதுங்க.”

“நிக்கட்டும்.”

“அப்டிப் போடு!” என்றாள் வரிசையிலிருந்து நிர்மலா.

விடுதியிலும் கேன்டீனிலும் சாப்பிடுகிறவர்களுக்கு: குழம்பு கொதிப்பதும் கறி வேகுவதும் ஒன்றல்ல. உறைந்த கோழியைக் குளிர்பெட்டியிலேயே முழுக்க இளகவிட்டு அடுப்பேற்றச் சொல்லுங்கள். நிறம் ஏமாற்றும், நடுவில் அளக்கச் சொல்லுங்கள். கருவி இல்லையா, சந்தேகத் துண்டைத் திருப்பிக் கொடுங்கள். வரிசை காத்திருக்கும்.

கோழி வைக்கும் நாட்களில், கம்பியில் எண் ஏறும்வரை அண்டா அருகே நிற்கிறேன். உள்ளே வயிறு தனி ஆளாக விழித்திருக்கிறது. எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகும் முதல் வாய் தள்ளிப்போகிறது. அதற்குள் நிர்மலா இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொள்கிறாள். தனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை.

எனக்கு இன்னும் எரிகிறது.