டிக்சன் காசின் முன்பக்கம்

பிளாரன்ஸ் அக்கா தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு, ஏழு மாதம் வேலை பார்த்தவர். இறங்கும் சரக்கு எந்தச் சுங்கவரி எண்ணுக்குள் அடங்கும் என்று தடித்த புத்தகத்தில் தேடிச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்றபின் அந்தத் தேடும் கை பழைய காசுகளுக்குப் போயிற்று. ரோமப் பேரரசின் மாகாணங்களில் அடித்த காசுகளுக்கு ஊர்வாரியாக, அரசர்வாரியாகப் பட்டியல் நூல்கள் உண்டு. அவற்றைப் படிப்பதற்காகவே ஒரு தவக்காலத்தில் கிரேக்க எழுத்து இருபத்து நான்கையும் கற்றுக்கொண்டார்.

கீழவைப்பாரில் சங்கு குளிக்கும் டிக்சன் அவருடைய சித்தி மகன். 2023 பிப்ரவரி 9 அன்று ஏழு பாக ஆழத்தில், நாற்பது அடிக்கும் கீழே, சங்கோடு ஒரு காசும் அவர் பைக்குள் வந்தது. சங்கைக் கழுவுகிற ஆசிட் தண்ணீரிலேயே அதையும் போட்டு எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். ஒரு பக்கம் தலையும் எழுத்தும் நன்றாக இருந்தன. மறுபக்கம் அரித்துப்போய், கதிர்முடி வைத்த ஒரு தலை நிழலாகத் தெரிந்தது.

நகைக்கடைத் தராசில் எடை 11.84 கிராம். குறுக்களவு 24 மில்லிமீட்டர். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்தது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமில்லை. தெளிவான பக்கத்தில் திபேரியு சீசர் என்று பெயரே இருந்தது. பட்டியலில் திபேரியுவின் பகுதியைத் திருப்பினார். அவர் காசின் பின்பக்கத்தில் கதிர்முடியோடு முந்தைய அரசர் அகுஸ்து இருந்தார். பொருந்திவிட்டது.

டிக்சனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆண்டவர் பூமியில் நடந்த நாளில் ஆண்ட அரசனின் காசு! கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்தார்கள். அங்கிருந்து, ஜூலையில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அதற்குள் ஜூன் 29, ஆண்டவரின் தலைமைச் சீடர் ராயப்பரின் திருநாளில், அவர் பெயரிலுள்ள ஊர்க் கோயிலில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதென்று முடிவாயிற்று. காது கெட்டு, அந்தப் பருவத்தோடு சங்கு குளிப்பதை நிறுத்தியிருந்த டிக்சனுக்கு ஊரில் புது மரியாதை. கரையில் கேலியும் வந்தது.

“ஏலே, சீசரு வாராரு, எல்லாவனும் எந்திச்சு நில்லுங்கலே!”

பெட்டிக்கு அட்டை எழுத ஆண்டு வேண்டியிருந்தது. ஜூன் 24 மாலை, அக்கா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தபோது, அரித்த பக்கத்தில் கதிர்முடித் தலைக்கு அருகே ஆண்டைச் சொல்லும் மூன்று குறிகள் தெரிந்தன. பதிமூன்றாம் ஆட்சியாண்டு. திபேரியுவின் பகுதியில் இந்த வகைக்கு அந்த ஆண்டே இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளிப் போனார். நீரோவின் பகுதியில் அது இருந்தது. முன்பக்கம் கதிர்முடியோடு நீரோ. பின்பக்கம், பழைய அரசருக்கு மரியாதையாக, திபேரியு.

துறைமுகத்தில் பெட்டியின் மார்க் அடித்த பக்கம்தான் முன்பக்கம். அந்தப் பழக்கத்தில் எழுத்து நின்ற பக்கத்தை அக்கா, காசை அடித்த அரசர் இருக்கும் முன்பக்கம் என்று எடுத்துக்கொண்டார். பிழை அவ்வளவுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கீழவைப்பார் போனார்.

“நீரோன்னா, நம்ம ராயப்பரத் தலகீழாச் சிலுவையில அறஞ்சவனாக்கா?” டிக்சன் உட்கார்ந்துவிட்டார்.

“அவன் காலத்துலதான்னு சொல்லுதாவ.”

“அவரு திருநாளுல, அவரு கோயில்ல, அவன் மூஞ்சியவா வைக்கப் போனேன்?” அக்கா கொண்டுவந்த காசை வாங்கித் திருப்பினார். “எக்கா, அந்தப் பக்கந்தான் அழிஞ்சு கெடக்கே. எவனுக்குத் தெரியும்? திபேரியுன்னே எழுதிருங்களேன்.”

“எனக்குத் தெரியுமேலே.”

“உங்களுக்கென்ன, பஸ் ஏறிப் போயிருவிய. நாளைக்கு நாந்தான கரையில உக்காரணும்? புளுகன்னு சொல்லுவானுவ.”

அக்கா குடையை எடுத்துக்கொண்டு, “வா” என்றார்.

படகுகளின் நிழலில் ஏழெட்டுப் பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு ஆண்கள் நடுவே நின்று பேசி அக்காவுக்குப் பழக்கமில்லை. குடையை மடக்கிவிட்டுத் தொடங்கினார்.

“தம்பிமாரே, அந்தக் காசு நீரோ ராசா அடிச்சது. திபேரியுன்னு சொன்னது நான். புஸ்தகத்தத் தப்பாப் பாத்தது நான். டிக்சன் நான் சொன்னதத்தான் உங்ககிட்டச் சொன்னான். அவன் கடல்ல எடுத்தது நெசம், ரோமாபுரி ஆண்ட காலத்துக் காசுங்கதும் நெசம். கோயில்ல வைக்க வேண்டாம்னு சாமியார்கிட்ட நானே சொல்லப் போறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. வயதில் மூத்த ரோச் ஊசியை வலையில் குத்திவிட்டு, கவிழ்த்துக் கிடந்த மீன்பெட்டியை அக்கா பக்கம் நகர்த்தினார்.

“இரும்மா. வெயில்ல வந்திருக்கிய. யாரு அந்த நீரோ?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் டிக்சன் முன்னால் வந்தார்.

“நான் சொல்லுதேன், மாமா” என்று மணலில் குந்தினார்.